தலைக்கு இத்தனை பவுண்டு: பார்னெட் சூத்திரம் எப்படி வேலை செய்கிறது?

பிரிட்டன் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது நான்கு நாடுகளின் கூட்டு: இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து. இதில் இங்கிலாந்தைத் தவிர மற்ற மூன்றுக்கும் 1990களின் இறுதியில் நடந்த அதிகாரப் பகிர்வின் மூலம் சொந்த சட்டமன்றங்கள் கிடைத்தன. மருத்துவமனை, பள்ளிக்கூடம், சாலை போன்றவை அந்த அரசுகளின் பொறுப்பு. ஆனால் இவற்றுக்கான பணத்தில் பெரும்பகுதி இன்றும் லண்டனிலிருந்துதான் போகிறது.

எவ்வளவு போக வேண்டும் என்பதை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்? எந்தச் சட்டத்திலும் அதற்கு விடை இல்லை. கருவூலம், அதாவது பிரிட்டனின் நிதித்துறை, வெளியிடும் ஒரு கொள்கை அறிக்கையில்தான் பார்னெட் சூத்திரம் என்ற அந்தக் கணக்கு இருக்கிறது. மூன்று எண்களைப் பெருக்கினால் போதும். ஒரு நாட்டின் ஒற்றுமையே இந்தப் பெருக்கலின் மேல் நிற்கிறது என்பதுதான் என்னை இதற்குள் இழுத்தது.

1970களின் இறுதியில், தொழிற்கட்சி ஆட்சியில் கருவூலத்தின் தலைமைச் செயலராக இருந்த அமைச்சர் ஜோயல் பார்னெட். ஒவ்வொரு ஆண்டும் ஸ்காட்லாந்து, வேல்ஸ் அமைச்சர்களோடு உட்கார்ந்து பேரம் பேசுவதைத் தவிர்க்க ஒரு தற்காலிக ஏற்பாடாக இது வந்தது. (இதற்கு முன்னோடியும் உண்டு. 1888இல் கோஷன் என்ற நிதியமைச்சர், இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் சேர்த்து 80 என்றால் ஸ்காட்லாந்துக்கு 11 என்று ஒரு விகிதம் வகுத்திருந்தார்.)

கணக்கு இதுதான். இங்கிலாந்தில் ஒரு துறையின் செலவு எவ்வளவு கூடுகிறது அல்லது குறைகிறது என்பது முதல் எண். அந்தத் துறையின் வேலையில் எத்தனை சதவீதம் பகிர்ந்தளிக்கப்பட்ட அதிகாரத்துக்குள் வருகிறது என்பது இரண்டாவது. இங்கிலாந்தோடு ஒப்பிட்ட மக்கள்தொகை விகிதம் மூன்றாவது. இங்கிலாந்தின் மருத்துவத்துறைக்கு 1,000 கோடி பவுண்டு கூடுதலாக ஒதுக்கினால், ஸ்காட்லாந்தின் மக்கள்தொகை இங்கிலாந்தினுடையதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு என்பதால், சுமார் 97 கோடி பவுண்டு அங்கே போகும். அந்தப் பணத்தை மருத்துவத்துக்கே செலவிட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

இந்தச் சூத்திரம் மொத்தத் தொகையைத் தொடுவதே இல்லை, கூடுவதையும் குறைவதையும் மட்டும்தான் பார்க்கிறது. முந்தைய ஆண்டு வரை வந்த தொகை அப்படியே அடித்தளமாக இருக்கும். அந்த அடித்தளம் சரியா, தேவைக்கு ஏற்றதா என்று யாரும் கேட்பதில்லை.

அதன் விளைவைப் பார்ப்போம். இங்கிலாந்தில் ஒருவருக்கு 100 பவுண்டு செலவாகிறது, ஸ்காட்லாந்தில் 120 என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் தலைக்கு 10 கூடினால் 110, 130. வித்தியாசம் 20 சதவீதத்திலிருந்து சுமார் 18ஆக இறங்குகிறது. இங்கிலாந்தின் செலவு 200ஐத் தொடும்போது ஸ்காட்லாந்துக்கு 220, வித்தியாசம் 10 சதவீதம்தான். 400க்கு 420 என்றால் வெறும் 5. இதைத்தான் பார்னெட் நெருக்கல் என்கிறார்கள். விலைவாசி ஏறி, செலவுத் தொகைகள் பெருகப் பெருக நெருக்கல் வேகமெடுக்கும். செலவை வெட்டினால் கணக்கு எதிர்த்திசையில் ஓடும்: 90க்கு 110 என்று வித்தியாசம் 22 சதவீதமாக விரியும்.

அப்படியானால் ஸ்காட்லாந்து இந்நேரம் இங்கிலாந்தின் அளவுக்கு வந்திருக்க வேண்டுமே? வரவில்லை. ஒரு முக்கியக் காரணம் மக்கள்தொகை. தொடக்கத்தில் இங்கிலாந்துக்கு 85, ஸ்காட்லாந்துக்கு 10, வேல்ஸுக்கு 5 என்று முழு எண்களாக வைத்துக்கொண்டார்கள். ஸ்காட்லாந்தின் உண்மையான பங்கு அதைவிடக் குறைவு. இருந்தும் 1992 வரை அந்த விகிதத்தை யாரும் திருத்தவில்லை. அதன் பிறகும் அடித்தளம் மக்கள்தொகைக்கு ஏற்ப மாற்றப்படவில்லை என்பதால், மக்கள்தொகை மெதுவாக வளரும் நாட்டில் தலைக்கான தொகை தானாகவே உயர்ந்து நிற்கும்.

அடிபட்டது வேல்ஸ். நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிய பள்ளத்தாக்குகள், முதியோர் அதிகம், வருமானம் குறைவு. பொருளியலாளர் ஜெரால்ட் ஹோல்தம் தலைமையிலான ஆணையம், இங்கிலாந்தின் பகுதிகளுக்குத் தேவை அடிப்படையில் பணம் பிரிக்கும் அதே அளவுகோலை எடுத்து வேல்ஸை அளந்தது. இங்கிலாந்தின் தேவை 100 என்றால் வேல்ஸின் தேவை சுமார் 115 என்று வந்தது. ஸ்காட்லாந்துக்கு அதே அளவுகோலில் ஏறத்தாழ 105தான். ஆனால் தலைக்குக் கிடைத்த பணத்தில் ஸ்காட்லாந்து வேல்ஸைவிட மேலே. வறிய நாட்டுக்குக் குறைவாகவும் வசதியான நாட்டுக்குக் கூடுதலாகவும் கொடுக்கும் ஒரு ஏற்பாட்டை எப்படி நியாயம் என்பது? 2016இல்தான் வேல்ஸுக்கு 115ஐக் கீழ் எல்லையாக ஏற்றுக்கொண்டார்கள். வட அயர்லாந்துக்கு 124 என்ற அளவு 2024இல் வந்தது.

சரி, இரண்டாவது எண்ணுக்கு வருவோம். ஒரு திட்டம் இங்கிலாந்துக்கானதா, எல்லோருக்குமானதா என்று யார் தீர்மானிப்பது? கருவூலமே. எச்.எஸ்.2 என்ற அதிவேக ரயில் பாதை லண்டனையும் பர்மிங்ஹாமையும் இணைக்கக் கட்டப்பட்டு வருகிறது. வேல்ஸ் மண்ணில் ஒரு அடி தண்டவாளம்கூடக் கிடையாது. ஆனாலும் அதை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொதுவான திட்டம் என்று வகைப்படுத்தினார்கள். தண்டவாளங்களை அமைக்கும் அதிகாரம் ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் இருக்கிறது, வேல்ஸுக்கு இல்லை என்பதே காரணம். அதனால் அந்த இரண்டு நாடுகளுக்கும் எச்.எஸ்.2 செலவுக்கு ஈடான பங்கு போனது, வேல்ஸுக்குப் போகவில்லை.

பாதிப்பு அதோடு நிற்கவில்லை. போக்குவரத்துத் துறையின் பட்ஜெட்டில் எச்.எஸ்.2இன் பங்கு பெருகியதும், அந்தத் துறைக்கான வேல்ஸின் ஒப்பீட்டு சதவீதம், அதாவது கணக்கின் இரண்டாவது எண், 2015இல் 80.9ஆக இருந்தது 2021இல் 36.6க்கு விழுந்தது. அதாவது இங்கிலாந்தில் சாலைக்கோ பேருந்துக்கோ பணம் கூட்டினாலும், துறை முழுவதற்கும் ஒரே சதவீதம் என்பதால், வேல்ஸுக்கு வரும் பங்கு சுருங்குகிறது. 2021இல் நாடாளுமன்றத்தின் வேல்ஸ் விவகாரக் குழு, எச்.எஸ்.2ஐ இங்கிலாந்துத் திட்டமாகவே அறிவியுங்கள் என்று பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. க்ரூ நிலையம் வழியாக வடக்கு வேல்ஸுக்குப் பயன் உண்டு என்பது ஒரு வாதமாக இருந்தது. 2023 அக்டோபரில் பிரதமர் ரிஷி சுனக் பர்மிங்ஹாமுக்கு வடக்கே போகும் பகுதியையே ரத்து செய்தார். வகைப்பாடு மாறவில்லை.

கருவூலம் ஒரே நேரத்தில் இரண்டு வேடம் போடுகிறது. அது பிரிட்டன் முழுவதற்குமான நிதித்துறை, இங்கிலாந்தின் நிதித்துறையும் அதுவே. விளையாடும் அணியும் நடுவரும் ஒருவரே என்றால், தீர்ப்பு சரியாக இருந்தாலும் மற்றவர்களுக்கு நம்பிக்கை வராது. 2017இல் பிரதமர் தெரசா மே பெரும்பான்மை இழந்தபோது, வட அயர்லாந்தின் ஜனநாயக ஒன்றியக் கட்சியின் ஆதரவுக்காகச் செய்த உடன்பாட்டில் அந்தப் பகுதிக்கு 100 கோடி பவுண்டு சூத்திரத்துக்கு வெளியே போனது. வேல்ஸும் ஸ்காட்லாந்தும் கொதித்தன. அவர்களால் முறையிட முடிந்த இடமும் வெஸ்ட்மின்ஸ்டர், அதாவது லண்டனில் இருக்கும் அதே பிரிட்டன் அரசுதான்.

இங்கிலாந்துக்கும் குறை இருக்கிறது. அதற்குத் தனிச் சட்டமன்றம் இல்லை. ஸ்காட்லாந்து எம்.பி.க்கள் இங்கிலாந்தின் பள்ளிகளைப் பற்றி வாக்களிக்கலாம், இங்கிலாந்து எம்.பி.க்கள் ஸ்காட்லாந்தின் பள்ளிகளைப் பற்றி வாக்களிக்க முடியாது. டாம் டேலியல் என்ற எம்.பி. 1977லேயே எழுப்பிய கேள்வி இது. 2015இல் கொண்டுவந்த ஒரு அரைகுறைத் தீர்வை 2021இல் கைவிட்டுவிட்டார்கள். வடகிழக்கு இங்கிலாந்துக்கு மன்றம் வேண்டுமா என்று 2004இல் கேட்டபோது, வாக்களித்தவர்களில் 78 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். லண்டனுக்கும் நியூகாசிலுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வைப் பார்னெட் சூத்திரம் பார்ப்பதே இல்லை, அதற்கு இங்கிலாந்து முழுவதும் ஒரே அலகு.

இத்தனை குறை தெரிந்தும் ஏன் மாற்றவில்லை? 2009இல் பிரபுக்கள் சபையின் குழு ஒன்று சூத்திரத்தைக் கைவிட்டு, தேவையை அளக்கும் சுயேச்சையான ஆணையம் ஒன்றை அமைக்கச் சொன்னது. அந்தக் குழு அமைய வேண்டும் என்று முனைந்து நின்றவரே பார்னெட்தான். ஆஸ்திரேலியாவில் 1933லிருந்து அப்படி ஒரு ஆணையம் இருக்கிறது. இந்தியாவில் அரசியலமைப்பின் 280ஆவது பிரிவு நிதிக்குழுவைக் கட்டாயமாக்குகிறது. அவற்றின் தீர்ப்புகளைப் பற்றியும் மாநிலங்கள் சண்டை போடுகின்றன, ஆனால் அளவுகோல் பொதுவெளியில் இருப்பதால் எதற்காகச் சண்டை போடுகிறோம் என்பதாவது தெளிவாகத் தெரிகிறது.

பிரிட்டனில் அது நடக்காததற்கு அரசியல் காரணம் இருக்கிறது. 2014 செப்டம்பரில் ஸ்காட்லாந்து சுதந்திர வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்னால், மூன்று பெரிய கட்சிகளின் தலைவர்கள் பார்னெட் ஒதுக்கீடு தொடரும் என்று பத்திரிகையில் கையெழுத்திட்டு உறுதி கொடுத்தார்கள். 55 சதவீதம் பேர் பிரிய வேண்டாம் என்று வாக்களித்தார்கள். பார்னெட் அதே ஆண்டு நவம்பரில் இறந்தார். தேவையை அளந்து பிரித்தால் ஸ்காட்லாந்தின் பங்கு குறையும் என்பது எல்லாக் கட்சிகளுக்கும் தெரியும். அந்தப் பேச்சை எடுக்கும் தலைவர் அடுத்த வாக்கெடுப்புக்குக் காரணம் கொடுத்தவர் ஆகிவிடுவார். 2024இல் தொழிற்கட்சி அரசு நாடுகளுக்கும் பிராந்தியங்களுக்குமான ஒரு மன்றத்தை அமைத்தது. முதல் கூட்டம் எடின்பரோவில் நடந்தது. அது கலந்து பேசும் மன்றம் மட்டுமே, பணத்தைப் பிரிக்கும் அதிகாரம் கருவூலத்திடமே இருக்கிறது.