ஏறி இறங்கும் பி.எச்

திருப்பூர் சாயப்பட்டறை ஒன்றில் வேலை பார்க்கும் வாசகர் கேட்கிறார்: "கழிவுநீர்த் தொட்டியில் பி.எச் மீட்டர் ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கிறது. தண்ணீரே தானாக அப்படி மாறுமா?"

பி.எச் என்பது தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண், அமிலம் கூடினால் அது இறங்கும். உங்கள் தொட்டியில் பெரும்பாலும் அமிலம் விடும் பம்ப்தான் காரணமாக இருக்கும். விட்ட அமிலம் கலந்து, மீட்டருக்குத் தெரிவதற்குள் அளவு மிஞ்சிவிடும். ஆனால் தானாகவே ஏறி இறங்கும் கரைசல்களும் உண்டு. அவற்றில் ஒன்றுக்கான சரக்கு உங்கள் பட்டறையிலேயே கேனில் இருக்கிறது: துணி வெளுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு.

ராபாய், கஸ்டின், எப்ஸ்டீன் என்ற மூன்று வேதியியலாளர்கள் 1989இல் அதோடு சல்ஃபைட் என்ற கந்தக உப்பையும் ஃபெரோசயனைடு என்ற இரும்பு உப்பையும் சேர்த்தார்கள். தற்செயலாகக் கண்டதல்ல, எப்படி இருந்தால் ஊசலாடும் என்று முதலில் யோசித்து, அதற்கேற்ற பொருளைத் தேர்ந்தார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்ததே அதுதான்.

கரைசல் ஓடும் தொட்டியில், கலக்கிக்கொண்டே இருக்கும்போது நடக்கிறது இது. புதுக் கரைசல் ஒரு பக்கம் வந்துகொண்டிருக்கும், பழையது வழிந்துகொண்டிருக்கும். அமிலத்தன்மை தருவது ஹைட்ரஜன் அயனி. சல்ஃபைட் அதில் ஒன்றைப் பிடித்தால் பைசல்ஃபைட். அதைப் பெராக்சைடு ஆக்சிஜனேற்றினால் சல்ஃபேட் உண்டாகி, பிடித்த அயனி வெளியே வந்துவிடும். வந்தது சும்மா இருக்காது. இன்னொரு சல்ஃபைட்டைப் பைசல்ஃபைட்டாக்கும், வினையையும் வேகப்படுத்தும். சல்ஃபைட் மிச்சமிருக்கும்வரை அமிலம் வெளியே தெரியாது, பி.எச் மெல்லத்தான் இறங்கும். அது தீர்ந்ததும் சடாரென்று சரியும். பஞ்சுப் பொதிக்குள் கனன்ற நெருப்பு ஒரு நொடியில் மேலே எழுவதுபோல.

சரி, திரும்ப எப்படி ஏறுகிறது? அமிலம் கூடியதும் பெராக்சைடு ஃபெரோசயனைடை ஆக்சிஜனேற்றும். அந்த வினை ஹைட்ரஜன் அயனிகளைத் தின்னும். உள்ளே வரும் புது சல்ஃபைட்டும் மிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். பி.எச் ஏறும், மறுபடி முதலிலிருந்து. பெராக்சைடுக்குப் பதில் புரோமேட் என்ற வேறோர் ஆக்சிஜனேற்றியைப் போட்டால் பி.எச் ஏறக்குறைய 3க்கும் 7க்கும் இடையே ஆடும். பி.எச் ஒன்று மாறினால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து மடங்கு மாறும், ஆக இது பத்தாயிரம் மடங்கு. ஈரோட்டு மஞ்சளால் இதைப் பார்க்க முடியாது, அது 7ஐத் தாண்டித்தான் சிவக்கும். மீத்தைல் ரெட் என்ற நிறங்காட்டியை விட்டால் சிவப்பும் மஞ்சளும் மாறி மாறித் தெரியும்.

1951இல் ரஷ்ய வேதியியலாளர் பெலூசோவ் ஊசலாடும் வினையொன்றை ஆய்விதழுக்கு எழுதி அனுப்பியபோது, நடக்கவே முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். உடனே பயன் தராத ஆராய்ச்சிக்குப் பணம் எதற்கு என்று இன்றும் கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். கோவைக் கல்லூரி ஆய்வகங்கள் டைட்ரேஷனோடு நின்றுவிடாமல் இந்த பி.எச் ஊசலாட்டத்தையும் செய்து காட்டலாம். ஆனால் பட்டறையில் முயல வேண்டாம். ஃபெரோசயனைடை வலுவான அமிலத்தோடு சூடாக்கினால் ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய நச்சு வாயு வரும்.