ஆயாவின் கூறைப்பட்டு மடிப்பில் ஏன் கிழிகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு கல்யாணத்துக்கு உடுத்தலாமென்று ஆயாவின் பழைய காஞ்சிப் பட்டை எடுத்து உதறினால், மடிப்புக் கோட்டிலேயே பிளந்துகொள்ளும். பழி பூச்சி மேல் விழும். ஆனால் பூச்சி அரித்தால் அங்கங்கே ஓட்டை விழுமே தவிர, ஸ்கேல் வைத்த மாதிரி நேர்கோட்டில் கிழியாது.

பட்டு புரத இழை. கடற்கரை ஊர்க் காற்றின் ஈரத்தை இழுத்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதோடு நெய்த ஜரிகையோ உலோகம், அது உப்புவதில்லை. வருடக்கணக்கில் ஒரே கோட்டில் மடிந்து கிடக்கும் இழைகள் இந்த இழுபறியில் ஒவ்வொன்றாக முறிகின்றன. கனத்த ஜரிகை முந்தி முதலில் போவது இதனால்தான்.

அசல் ஜரிகை என்பது சிவப்புப் பட்டு நூலில் சப்பையான வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. முலாம் மிக மெல்லிசு. காற்றிலுள்ள கந்தக வாயு அதைத் தாண்டி வெள்ளியைத் தொட்டால் வெள்ளி சல்ஃபைடாகிக் கறுக்கும். புளியோ பற்பசையோ போட்டுத் தேய்த்தால் கறுப்போடு தங்கமும் வந்துவிடும். கறுத்ததை அப்படியே விடுவதே மேல். ரப்பர் பேண்டிலும் கம்பளியிலும் கந்தகம் உண்டு, பக்கத்தில் வைக்க வேண்டாம்.

மடிக்காமல் சுருட்டி வையுங்கள். சேலை அகலத்தைவிட இருபுறமும் 10 செ.மீ. நீளமான, 8 செ.மீ. குறுக்களவுள்ள அட்டைக் குழாய் போதும். அட்டையில் அமிலம் இருக்கும். அலுமினியத் தாள் சுற்றி, அதன் மேல் கஞ்சி போகத் துவைத்த வெள்ளை மல் துணி சுற்றுங்கள். சுருட்டியதைப் படுக்கையாகத்தான் வைக்க வேண்டும். இடமில்லையா, மடிப்புக்குள் துணிச்சுருள் வைத்து, 3 மாதத்துக்கு ஒருமுறை கோட்டை மாற்றுங்கள்.

பிளாஸ்டிக் உறை வேண்டாம், உள்ளே ஈரம் தங்கும். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அலமாரியை வெளிச்சுவரில் ஒட்டாதீர்கள். காற்றாட விரிக்க, டர்பனில் ஈரம் குறைந்த குளிர்காலமான ஜூலைதான் தோதான மாதம், அதுவும் நிழலில்; வெயில் சாயத்தையும் இழையையும் சேர்த்தே தின்னும்.

நிஜமாகவே பூச்சி இருந்தால் பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றி ஒட்டி, -18 டிகிரி ஃப்ரீசரில் 2 வாரம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது, குளிர்ந்த ஜரிகையில் நீர் கோத்துவிடும். ஒரு நாள் முழுக்க அறையில் கிடக்கட்டும்.