பிணையில் வந்தவர் விடுதலை ஆனவர் அல்ல

'ஜாமீனில் விடுதலை' என்று தொலைக்காட்சியில் கீழே ஓடுகிறது. தண்டையார்பேட்டை டீக்கடையில் அதைப் படிப்பவர் 'விடுதலை'யை மட்டும் பிடித்துக்கொண்டு, "அப்ப கேஸ் முடிஞ்சுதா?" என்கிறார். கேள்வியில் தப்பே இல்லை, எழுதியவர்தான் அப்படி எழுதியிருக்கிறார். புழல் சிறையிலிருந்து யாராவது வெளியே வந்தால் தெருவிலும் இதே பேச்சுதான். வழக்கோ ஜார்ஜ் டவுன் நீதிமன்றத்தில் வாய்தா வாய்தாவாக நடந்துகொண்டிருக்கும்.

ஜாமீன் அரபிச் சொல். இன்னொருவருக்காகப் பொறுப்பேற்பவர் என்று பொருள். பாரசீகம், உருது வழியாக நம் நீதிமன்றங்களுக்கு வந்தது. (நிலத்தைக் குறிக்கும் ஜமீன் பாரசீகச் சொல், இதற்கும் அதற்கும் உறவில்லை.) முதலில் ஆளைக் குறித்த சொல், பிறகு ஏற்பாட்டுக்கே பெயராகிவிட்டது. அதனால் ஆளைச் சொல்ல 'ஜாமீன்தாரர்' என்று ஒரு வாலை ஒட்டவேண்டி வந்தது. தமிழில் பிணை. பிணைத்தல் என்றால் கட்டுதல். குறளில் 'பிணையேர் மடநோக்கும்' என்று வருகிற பிணை பெண்மான், அதை இங்கே இழுக்க வேண்டாம்.

பிணை என்ற சொல்லிலேயே கட்டு இருக்கிறது. ஆள் வெளியே வந்தாலும் வழக்கோடு கட்டப்பட்டுத்தான் இருக்கிறார் என்று அது சொல்லிவிடுகிறது. அதன் பக்கத்தில் 'விடுதலை'யைக் கொண்டுவந்து நிறுத்தினால் ஒரு சொல் கட்டுகிறது, மற்றது அவிழ்க்கிறது.

"சிறையிலிருந்து விடுவது விடுதலைதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிணைக்கு வரையறையே தரவில்லை. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா தருகிறது: நிபந்தனைகளோடு, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு காவலிலிருந்து விடுவது. காவலிலிருந்துதான், குற்றச்சாட்டிலிருந்து அல்ல. ஆனால் தமிழ்ச் செய்தியில் 'வழக்கிலிருந்து விடுதலை' என்றால் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றே பொருள் நிலைத்துவிட்டது. அதே சொல்லை இதற்கும் போட்டால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்?

சரி, பிணைதான் விடுதலை என்றே வைத்துக்கொள்வோம். முன்ஜாமீன் என்னவாகும்? முன்விடுதலையா? அந்தச் சொல், அண்ணா பிறந்தநாள் போன்ற சமயங்களில் தண்டனைக் காலம் முடியும் முன்பே வெளியே விடப்படும் ஆயுள் கைதிகளுக்கு ஏற்கனவே போய்விட்டது. முன்ஜாமீன் வாங்குபவரை இன்னும் கைதே செய்யவில்லை, எங்கிருந்து விடுதலை?

இதைவிட மோசம், போலீஸ் 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாததால் கிடைக்கும் பிணை. அதையும் 'விடுதலை' என்று எழுதினால், ஆதாரமே இல்லாமல் வழக்கு விழுந்துவிட்டது என்றுதான் ஊர் நம்பும். கெடு தாண்டியதற்குக் கிடைத்த உரிமை அது. குற்றப்பத்திரிகை பின்னாலும் வரலாம்.

எங்கள் பக்கத்து ஆட்கள் இந்தக் குழப்பத்தில் விழுவதில்லை, வீட்டில் ஒரு வழக்கு இருந்துவிட்டால். "கண்டிஷன் பெயில்ல இருக்கான், தினம் ஸ்டேஷன்ல கையெழுத்து போடணும்" என்கிறார்கள். 'பெயில்' தமிழில்லைதான், பரீட்சையில் பெயிலானவனும் இவனும் ஒன்றாகத் தெரிவதும் தொல்லைதான். ஆனாலும் நிலைமை துல்லியமாக வந்துவிடுகிறது. செய்தி மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கிடைக்கிற சொல்லை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள்.

தூய தமிழ்க்காரர்களுக்கும் ஒரு சொல். 'பிணைக்கைதி' என்று பிணையில் வந்தவரைக் குறிக்காதீர்கள். அது மிரட்டலுக்காகப் பிடித்துவைக்கப்பட்டவருக்குப் பெயர். 'பிணையில் வந்தவர்', 'பிணையில் இருப்பவர்' போதும். பொறுப்பேற்பவர் பிணையாளர்.

'சொந்த ஜாமீன்' மட்டும் எனக்கு உறுத்துகிறது. தனக்குத் தானே எப்படிப் பிணையாளர் ஆவது? புதிய சட்டம் பிணையாளரோடு எழுதுவதையும் பிணையாளர் இல்லாமல் எழுதுவதையும் வெவ்வேறு பத்திரங்களாகப் பிரித்திருக்கிறது. முன்னதைப் பிணைப்பத்திரம் என்றும் பின்னதை உறுதிப்பத்திரம் என்றும் சொல்லலாம். 'சொந்த உறுதிப்பத்திரத்தில் வெளியே வந்தார்' என்று எழுதச் சில எழுத்து கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.