ஒட்டுத்துணிக் கட்டங்கள் ஏன் பொருந்துவதில்லை?

துண்டுத்துணிகளைச் சேர்த்துச் செய்யும் போர்வையான குயில்ட் தைக்கப் பழகுபவர்கள் பெரும்பாலும் முதலில் எடுப்பது ஒன்பது கட்டம். இரண்டரை அங்குலச் சதுரங்கள், வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசை. மூன்று சதுரம் சேர்ந்தால் ஏழரை அங்குலம். நடுவில் இரண்டு தையல். ஒவ்வொன்றும் இரு பக்கமும் கால் அங்குலம் வீதம் அரை அங்குலத்தை விழுங்கும். ஏழரையில் ஒன்று போக ஆறரை. ஆனால் தைத்து, தேய்த்து, டேப் வைத்துப் பார்த்தால் ஆறரைக்குச் சற்றுக் குறைவாகவே நிற்கும். உடனே வெட்டியது சரியில்லை என்று கத்திரிக்கோல் மேல் பழி விழும்.

கத்திரிக்கோலுக்கும் பங்கு உண்டுதான். அதன் கீழ் அலகு துணியைத் தூக்கித்தான் வெட்டும். 1979-இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்த உருளும் கத்தி, துணியைப் பலகையில் படுத்த வாக்கிலேயே அறுப்பதால் அந்தக் குறை பெரிதும் தீர்ந்தது. அப்படி வெட்டியும் கட்டம் சிறுத்தால், காரணம் பெரும்பாலும் மடிப்பில் இருக்கும்.

தைத்த துணியைப் பிரித்து ஒரு பக்கமாகத் தேய்க்கும்போது, துணி தையலின் மேல் ஏறி வளைந்து திரும்புகிறது. நூலுக்கும் தடிமன் உண்டு, துணிக்கும் உண்டு. அந்த வளைவுக்குள் போகிற துணி, அகலத்திலிருந்துதான் கழியும். அதனால் ஊசி மிகச் சரியாகக் கால் அங்குலத்தில், அதாவது 6.35 மி.மீ.யில் இறங்கினாலும் கட்டம் குறையும். கை தேர்ந்தவர்கள் கால் அங்குலத்துக்கு ஓரிரு இழை குறைவாகவே தைப்பது இதனால்தான்.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது துணிக்குத் துணி, நூலுக்கு நூல் மாறும். அதை மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டின் ஓரத்தை வைத்து ஊகிக்காமல் சோதித்துவிடலாம். ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி, பக்கவாட்டில் சேர்த்துத் தைத்து, தேய்த்துவிட்டு நடுப்பட்டையை மட்டும் அளந்து பாருங்கள். அது சரியாக ஒரு அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் தையல் துணி ஓரத்தை நோக்கி நகர வேண்டும். கூடினால் உள்ளே வர வேண்டும். சரியான இடம் கிடைத்ததும் மெஷின் மேடையில் மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிட்டால், துணியின் ஓரம் அதை உரசியபடியே போகும்.

அரை மி.மீ.க்கு இத்தனை பாடா என்று கேட்கலாம். பதினாறு பட்டைகளைச் சேர்த்தால் பதினைந்து தையல். ஒவ்வொரு தையலும் இரு பக்கமும் அரை மி.மீ. வீதம் 1 மி.மீ. கூடுதலாகத் தின்றால் மொத்தத்தில் 15 மி.மீ. போய்விடும். அதே 1 மி.மீ. ஒரு தையலில் கூடி, அடுத்ததில் குறைந்து, ஒழுங்கில்லாமல் வந்தால் பிழைகள் ஒன்றையொன்று பெருமளவு அடித்துக்கொள்ளும். புள்ளியியல்படி அப்போது மொத்தப் பிழை தையல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் வளரும்: சுமார் 4 மி.மீ. ஆகவே கொஞ்சம் நடுங்கும் கையைவிட, ஒரே பக்கமாகத் தவறும் நிதானமான கைதான் ஆபத்து. மடிப்பு செய்வதும் இதே ஒருபக்கத் தவறு. எல்லாக் கட்டமும் ஒரே அளவு சிறுத்தால்கூடப் பரவாயில்லை, போர்வை சற்றுச் சின்னதாகும், அவ்வளவுதான். ஆனால் ஒன்பது கட்டத்துக்குப் பக்கத்தில் ஆறரை அங்குல முழுச் சதுரம் வரும்போது, அதற்குள் தையலே இல்லாததால் அது சிறுக்காது. மோதல் அங்கே தொடங்கும்.

சேர்த்துத் தைக்கும்போது மேல்துணி மட்டும் முடிவில் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழ்த்துணியை மெஷினின் பற்கள் கவ்விப் பின்னால் தள்ளுகின்றன. மேல்துணியை ஃபுட் அழுத்தித் தடுக்கிறது. எனவே இரண்டில் சற்று நீளமான துண்டைக் கீழே போட்டால், பற்களே அந்த உபரியைச் சமாளித்துவிடும்.

தேய்ப்பதைப் பொறுத்தவரை, சட்டைக்குத் தேய்ப்பதுபோல இழுத்துத் தேய்ப்பது இங்கே ஆகாது. பெட்டியை வைத்து, அழுத்தி, தூக்க வேண்டும். பருத்தி என்பது செல்லுலோஸ். அதன் சங்கிலிகளுக்கு இடையேயுள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் சூட்டிலும் ஈரத்திலும் தளர்ந்து, ஆறிக் காயும்போது புதிய நிலையில் மீண்டும் பிணைகின்றன. சூடாக இருக்கும்போது இழுபட்டால், இழுபட்ட வடிவமே நிலைத்துவிடும். ஆறும்வரை பலகையில் விட்டு வைப்பது நல்லது. ஒரு வரிசையின் மடிப்புகளை இடப்பக்கமும் அடுத்த வரிசையின் மடிப்புகளை வலப்பக்கமும் தேய்த்தால், சேர்க்கும்போது மேடும் மேடும் முட்டி நின்றுகொள்ளும். விரல் தடவினாலே இடம் தெரியும். குண்டூசி பல சமயம் தேவைப்படாது.

இனி முக்கோணங்கள். பழகுபவர்கள் கையை விட்டுவிடுவது பெரும்பாலும் இங்கேதான். துணியைப் பாவு, அதாவது நீளவாட்டு இழை, வழியாக இழுத்தால் பெரிதாக நீளாது. ஊடை, அதாவது அகலவாட்டு இழை, வழியாகச் சற்று நெகிழும். குறுக்காக, 45 பாகையில் இழுத்தால் ரப்பர் மாதிரி வரும். இழைகள் நீளுவதில்லை, பாவும் ஊடையும் சந்திக்கும் கோணம் மாறி, இடையிலுள்ள குட்டிச் சதுரங்கள் சாய்சதுரங்களாகின்றன. ரவிக்கைக் கழுத்துக்குப் பைப்பிங் வைக்க டெய்லர்கள் க்ராஸ் பீஸ் வெட்டுவது இந்தக் குணத்துக்காகத்தான். கழுத்தில் வரமாக இருப்பது கட்டத்தில் தொல்லை: சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டியதுமே நீண்ட ஓரம் முழுவதும் க்ராஸாகிவிடுகிறது, மெஷினுக்குப் போகும் முன்பே அலை அலையாகிறது.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, வெட்டும் முன் கஞ்சி போட்டுத் தேய்ப்பது. இழைகள் சந்திக்கும் இடங்களைக் கஞ்சி ஒட்டிப் பிடிப்பதால் கோணம் அவ்வளவு எளிதில் மாறாது. வெட்டிய பிறகு போட்டால் ஈரத்தில் துணி சுருங்கி அளவு கெடும். இன்னொன்று, முதலில் தைத்து, பிறகு வெட்டுவது. இரண்டு சதுரங்களை நல்ல பக்கம் உள்ளே வரும்படி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூலைவிட்டக் கோடு போட்டு, அதன் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, கோட்டில் வெட்டினால் இரட்டை முக்கோணக் கட்டங்கள் இரண்டு கிடைக்கும். க்ராஸ் ஓரம் பிறக்கும்போதே பக்கத்தில் தையல் காவல் இருக்கும்.

இதற்கு, முடிந்த அளவைவிட முக்காலே அரைக்கால் அங்குலம் கூடுதலாகச் சதுரம் வெட்டு என்பார்கள். செங்கோண முக்கோணத்தின் மூன்று பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் விட்டால், குட்டைப் பக்கம் நீள வேண்டியது கால் அங்குலத்தை 3.414-ஆல் பெருக்கினால் வருவது: 0.854 அங்குலம். முக்காலே அரைக்கால் 0.875. மிச்சம் அரை மி.மீ. மட்டும். கொஞ்சம் பிசகினாலும் அது போதாது. அதனால் ஒரு முழு அங்குலமே கூட்டிவிடுவது என் கட்சி. முடிந்த அளவு மூன்று அங்குலமாகும் முக்கோணக் கட்டத்துக்கு நான்கு அங்குலச் சதுரம்; தைத்துத் தேய்த்த பிறகு, அளவுகோலின் 45 பாகைக் கோட்டைத் தையலின் மேல் வைத்து, சுற்றுத் தையலுக்கான கால் அங்குலங்களையும் சேர்த்து மூன்றரைக்கு நறுக்கிவிடலாம். துணி கொஞ்சம் வீணாகும். ஒன்பது கட்டத்தில் இப்படி நறுக்க முடியாது. ஓரச் சதுரங்கள் நடுச் சதுரத்தைவிடச் சிறுத்துப்போகும். அங்கே தையலைப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.