மஞ்சள் சிவக்கட்டும், சுண்ணாம்பு வேண்டாம்

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் வண்ணாரப்பேட்டையில் நான் கண் பார்க்கும் அறைக்குச் சுண்ணாம்பு பட்ட பிள்ளைகள் வர ஆரம்பித்துவிடுகிறார்கள். போன வாரம் வந்தவளுக்கு நாலு வயது. ஆரத்திக்குக் கரைப்பதுபோல மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டு, சிவப்பாவதை அக்கா காட்டியிருக்கிறாள். வெற்றிலைச் சுண்ணாம்பு டியூபின் வாய் காய்ந்து அடைத்திருந்தது. சின்னவள் முகத்துக்கு நேரே பிடித்து இரண்டு கையாலும் அழுத்த, மொத்தமும் கண்ணில் பீய்ச்சிவிட்டது.

என்னிடம் வரும்போது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. யாரும் கழுவவில்லை. "சுண்ணாம்புல தண்ணி பட்டா கொதிக்குமே டாக்டரம்மா, அதான் தாய்ப்பால் விட்டோம்" என்றார் ஆயா.

கொதிப்பது சுட்ட கிளிஞ்சல். வெற்றிலைக்கு வாங்குவது ஏற்கெனவே தண்ணீர் விட்டு நீற்றியது. கொதிக்க வேண்டியதெல்லாம் கொதித்து அடங்கிவிட்டது. அது கண்ணைச் சூட்டால் கெடுப்பதில்லை, காரத்தால் அரிக்கிறது. மிளகாய்க் காரமில்லை, அமிலத்துக்கு எதிரான காரம். அமிலத்தைவிடக் காரம் ஆழமாக இறங்கும். கழுவாத ஒவ்வொரு நிமிடமும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ அதை வெளியே கொண்டுவராது. தண்ணீர்தான் கொண்டுவரும். குடத்துத் தண்ணீர், லாரித் தண்ணீர், சுத்தமாக இருந்தால் எதுவானாலும் சரி.

மேல் இமையைப் புரட்டினேன். மடிப்புக்குள் காய்ந்த கோலமாவுபோலக் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது. ஈரப் பஞ்சுக் குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்தோம். "கண்ணு செவக்கவே இல்லையே" என்று அவள் அப்பா நிம்மதிப்பட்டார். காரம் பட்ட கண் வெளுத்திருந்தால்தான் எங்களுக்குப் பயமே. ரத்தக் குழாய்கள் செத்துப்போனால் எப்படிச் சிவக்கும்?

பட்டுவிட்டால் முகத்தில் ஒட்டியதைத் துடைத்துவிட்டு, இமையைப் பிரித்துப் பிடித்து, அரை மணி நேரமாவது தண்ணீர் ஊற்றுங்கள். பிள்ளை கத்தும், உதைக்கும். ஊற்றுங்கள். கசக்க விடாதீர்கள். அப்புறம் ஆட்டோ பிடியுங்கள். 1819-இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை எழும்பூரில் இருக்கிறது. வண்ணாரப்பேட்டையிலிருந்து அது ஒன்றும் தூரமில்லை.

பிள்ளைகளுக்குச் செய்து காட்ட வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். மஞ்சள் தண்ணீரில் ஆப்ப சோடா போட்டாலே செந்நிறம் வரும். அதில் நீங்கள் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைத்துக்கொண்டு மறுபடி மஞ்சளாகும். உப்பைக் கரைத்துக்கொண்டே போனால், மூழ்கிக் கிடந்த முட்டை மேலே வரும். நாலு வயதுக்கு இது போதாதா?

வெற்றிலை போடும் ஆயாக்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த டியூபைப் பாய் ஓரத்தில் விட்டுவைக்காதீர்கள். பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், தாயீ.