முடுக்கமானி: சொல்லும் பொருளும்

போனுக்குள் இருந்து முடுக்கத்தை அளக்கும் சென்சார் ஆக்சிலரோமீட்டர். இந்தப் பெயரில் இரு மொழிகள் கலந்திருக்கின்றன. லத்தீனில் 'கெலெர்' என்றால் விரைவு. கிரேக்கத்தில் 'மெட்ரோன்' என்றால் அளவு. தமிழில் முடுக்கமானி. வெப்பமானியில் உள்ள அதே 'மானி'தான். தமிழகப் பாடநூல்கள் முடுக்கம் என்பதை இலங்கைப் பாடநூல்கள் ஆர்முடுகல் என்கின்றன. வேகம் குறைந்தால் அமர்முடுகல். முடுகு என்றால் விரைதல், முடுக்கு என்றால் விரையச் செய்தல், உந்துதல்.

இந்த 'உந்துதல்' முக்கியம். மேசையில் திரை மேல்நோக்க அசையாமல் கிடக்கும் ஆண்ட்ராய்டு போனில் இசட் அச்சு (திரைக்குச் செங்குத்தான திசை) ஏறக்குறைய 9.8 மீ/வி² காட்டும். புதிதாக நிரல் எழுதுபவர்கள் சென்சார் கெட்டுவிட்டது என்றே நினைப்பார்கள். கெடவில்லை. சிப்புக்குள் நுண்ணிய ஸ்பிரிங்கில் தொங்கும் எடை எவ்வளவு விலகுகிறது என்றுதான் அது பார்க்கிறது. மேசை போனை மேலே உந்துவது அதில் பதிவாகிறது. போனைக் கைவிட்டால், விழும் நேரத்தில் சுழியம் காட்டும். விரைவைச் சொல்லும் லத்தீன் வேரைவிட உந்துதலைச் சொல்லும் தமிழ் வேரே இங்கு பொருத்தம்.

ஐபோன் இதே நிலையில் -1 காட்டும்: அலகு புவியீர்ப்பின் மடங்கு, குறியும் எதிர். இரண்டுக்கும் ஒரே கணக்கை எழுதினால் போன் தலைகீழாகத் தெரியும்.

அசைவு மட்டும் வேண்டுமானால் ஈர்ப்பைக் கழிக்க வேண்டும். ஈர்ப்பு = 0.8 × பழைய ஈர்ப்பு + 0.2 × புதிய அளவு என்று மூன்று அச்சுக்கும் தனித்தனியே கணக்கிட்டு, வந்ததைப் புதிய அளவிலிருந்து கழியுங்கள். முதல் சில அளவுகளை நம்ப வேண்டாம். ஈர்ப்பைப் பிரித்தெடுக்கும் இந்தக் கணக்கு, அதாவது வடிகட்டி, நிலைப்பட நேரமாகும். ஈர்ப்பைக் கழித்தே தரும் 'லீனியர் ஆக்சிலரேஷன்' சென்சார் இருந்தால் இந்த வேலை மிச்சம்.

அளவு வரும் இடைவெளிக்கு ஆண்ட்ராய்டில் 'கேம்' என்று கொடுத்தால் 20 மில்லிவினாடி, 'நார்மல்' என்றால் 200. இது வேண்டுகோள்தான், உறுதிமொழி அல்ல. நேரக் கணக்குக்கு ஒவ்வோர் அளவோடும் வரும் நேரமுத்திரையையே எடுங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் வினாடிக்கு 200-க்கு மேல் அளவு வேண்டுமென்றால் தனி அனுமதியை செயலியின் அறிவிப்புக் கோப்பான மேனிஃபெஸ்டில் அறிவிக்க வேண்டும். செயலியின் திரை மறைந்ததும் 'அன்ரிஜிஸ்டர்' செய்து அளவு வருவதை நிறுத்துங்கள், இல்லையேல் பேட்டரி கரையும்.

முடுக்கத்தை இருமுறை தொகையிட்டு, நடந்த தூரம் காணும் ஆசை பலருக்கு வரும். வெறும் 0.05 மீ/வி² பிழை 10 வினாடியில் 2.5 மீட்டராகும், ஒரு நிமிடத்தில் 90 மீட்டர்.