விசுவாசமா, பற்றா?

“குற்ற வழக்குகளில் சிக்கிய தலைவருக்கு வாக்காளர்கள் ஏன் இன்னும் விசுவாசமாக இருக்கிறார்கள்?” 2023-இல் டொனால்ட் டிரம்ப் மீது அடுத்தடுத்து நான்கு குற்ற வழக்குகள் வந்ததிலிருந்து மொழிபெயர்ப்புச் செய்திகளில் இந்த வாக்கியத்தைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. 2024 மே 30 அன்று நியூயார்க் நடுவர் குழு 34 குற்றச்சாட்டுகளிலும் அவரைக் குற்றவாளி என்று தீர்மானித்தபோதும், அதே ஆண்டு நவம்பரில் அவர் தேர்தலில் வென்றபோதும் வாக்கியம் மாறவில்லை. கேள்வியோடு எனக்கு வழக்கு இல்லை. ‘விசுவாசம்’ என்ற சொல்லோடுதான் வழக்கு.

இது வடசொல். ‘சுவாசம்’ என்பதில் உள்ள வேரே இதிலும் இருக்கிறது. அச்சமின்றி மூச்சுவிடும் நிலை, அதாவது நம்பியிருத்தல், என்பது மூலப்பொருள். கிறித்தவர்களின் ‘விசுவாசி’, ‘விசுவாசப் பிரமாணம்’ ஆகியவற்றில் அந்தப் பொருள் கெடாமல் நிற்கிறது. பொதுவழக்கிலோ அது ராஜ விசுவாசம், எஜமான விசுவாசம், நாயின் விசுவாசம் என்று வேறு திசையில் போய்விட்டது. செய்திகளில் ‘விசுவாசம்’ என்று மொழிபெயர்க்கப்படும் ஆங்கிலத்தின் ‘லாயல்’, சட்டத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ‘லீகல்’ என்பதன் உடன்பிறப்பு. சட்டத்துக்கு உட்பட்டவன் என்று பொருள்பட்ட சொல், சட்டத்தின் முன் நிறுத்தப்பட்டவரை விடாதவர்களுக்கு இன்று அடைமொழியாகியிருப்பது வேடிக்கைதான்.

மேலே சொன்ன தொடர்களில் விசுவாசம் எப்போதும் கீழிருந்து மேல்நோக்கியே செல்வதைக் கவனிக்கலாம். வேலைக்காரனுக்கு எஜமானிடம் விசுவாசம் உண்டு; எஜமானுக்கு வேலைக்காரனிடம் விசுவாசம் என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே ‘விசுவாசமான வாக்காளர்’ என்று எழுதிய மாத்திரத்தில், தன் ஊழியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையுள்ள குடிமகன், உப்புத் தின்றதற்காக வாசலில் நிற்பவனாகிவிடுகிறான். அதைவிடக் கேடு இச்சொல்லின் எதிர்ச்சொல்லில் இருக்கிறது. விசுவாசம் போனால் அங்கே வந்து நிற்பது துரோகம். சென்ற முறை ஒருவருக்கு வாக்களித்துவிட்டு இந்த முறை வேறொருவருக்கு வாக்களிப்பவர் எந்தத் துரோகமும் செய்யவில்லை. தேர்தல் என்ற ஏற்பாடே அதற்காகத்தான். இவற்றோடு, ‘ஏன்’ என்று கேட்கும் வாக்கியத்துக்குள்ளேயே விடையையும் இச்சொல் ஒளித்து வைத்துவிடுகிறது: விசுவாசிகள், அதனால் விடவில்லை என்று. பிறகு ஆராய என்ன இருக்கிறது?

உண்மையில் ஆராய நிறையவே இருக்கிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1991-இல் நடந்த ஆளுநர் தேர்தலில், முன்பே ஊழல் வழக்கில் விசாரிக்கப்பட்டு விடுதலையான எட்வின் எட்வர்ட்ஸை எதிர்த்து நின்றவர், கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் முன்னாள் தலைவர் டேவிட் டியூக். அப்போது கார்களின் பின்புறம் ஒட்டப்பட்ட வாசகம், “அந்த மோசடிக்காரருக்கே வாக்களியுங்கள், இது முக்கியம்” என்பது. எட்வர்ட்ஸ் எளிதாக வென்றார். இதில் விசுவாசம் எங்கே இருக்கிறது? இருவரையும் எடைபோட்டுப் பார்த்த கணக்குதான் இருக்கிறது. பிரேசிலில் ஆதெமார் தெ பாரோஸ் என்ற அரசியல்வாதியைச் சுற்றிப் பிறந்த “திருடுவார், ஆனால் வேலை நடக்கும்” என்ற பேச்சும் ஒருவகைக் கணக்கே.

கணக்கைத் தாண்டியதும் உண்டு. பாஸ்டன் நகரின் ஜேம்ஸ் மைக்கேல் கர்லி, வேறொருவருக்காக அரசுப் பணித் தேர்வை ஆள்மாறாட்டம் செய்து எழுதியதற்காகச் சிறையில் இருந்தபோதே 1904-இல் நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ‘நண்பருக்காகச் செய்தார்’ என்பதே அவருக்குப் பிரசாரமாயிற்று. ஏழை ஐரிஷ் குடியேறிகளுக்கு அது குற்றமாகத் தெரியவில்லை, தம்மவர் ஒருவர் தம்மவர் ஒருவருக்குச் செய்த உதவியாகத் தெரிந்தது. 1945-இல் மோசடி வழக்கு நிலுவையில் இருக்கையிலும் அவரை மேயராக்கினார்கள். ஆனால் 1949-இல் அதே நகரம் அவரைத் தோற்கடித்தது. இந்தக் கடைசிச் செய்தியைச் சொல்ல ‘விசுவாசம்’ உதவாது. பாஸ்டன் மக்கள் துரோகிகள் ஆகிவிடுவார்கள். ‘பற்று விட்டுப்போயிற்று’ என்றால் சரியாக இருக்கிறது.

ஆம், ‘பற்று’தான் நான் முன்வைக்கும் சொல். தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ‘மெய்ப்பற்று’ என்று எழுதுகிறார்கள். தலைவர் சொல்வது மெய்யா, வழக்குத் தொடுத்தவர் சொல்வது மெய்யா என்பதே தீராதபோது, பற்றுக்கு முன்னால் ‘மெய்’யை ஒட்டவைப்பானேன்? ‘நன்றியுணர்வு’ என்பாரும் உளர். அது பல காரணங்களுள் ஒன்றின் பெயர், நிலைமையின் பெயரன்று. வெறும் ‘பற்று’ யாரையும் தாழ்த்துவதில்லை. மொழிப்பற்று, நாட்டுப்பற்று, கட்சிப்பற்று என்று எதனோடும் சேரும். வேண்டாதபோது விடவும் படும். கணக்கேட்டில் ‘பற்று வரவு’ என்று எழுதும் பற்றும் இதே சொல்தான் என்பது, வாக்காளரைப் பற்றிப் பேசும்போது கூடுதல் வசதி. தம்மவர் என்பதற்காகவே விடாமல் நிற்கும் கர்லி வகை உறவைத் தனியே சுட்ட வேண்டுமானால், குறளிலேயே ‘பழைமை பாராட்டுதல்’ இருக்கிறது; செல்வம் போன பிறகும் உறவு கொண்டாடுவது சுற்றத்தாரிடம்தான் உண்டு என்று சுற்றந்தழால் அதிகாரத்தின் முதற்குறள் சொல்கிறது.

இந்த மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொரு குறையும் உண்டு. குற்றஞ்சாட்டப்பட்டவரையும் குற்றவாளியையும் ஒரே செய்தியில் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். ‘இது அரசியல் பழிவாங்கல், இன்னும் எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை’ என்று ஆதரவாளர்கள் நம்புவதும், வழக்குகள் கூடக் கூட அவர்கள் நெருங்கித் திரள்வதும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கின்றன. அதை அழித்துவிட்டு, இவர்கள் ஏன் குற்றவாளியை ஆதரிக்கிறார்கள் என்று வியந்தால், எழுதியவரின் கவனக்குறைவு வாசகருக்கு வாக்காளரின் மூடத்தனமாகத் தெரிகிறது.

முதலில் காட்டிய வாக்கியத்தை நான் இப்படி எழுதுவேன்: “குற்றஞ்சாட்டப்பட்ட தலைவர்மீது வாக்காளர்களுக்கு உள்ள பற்று ஏன் குறையவில்லை?” லூசியானாவைப் போலப் பற்றே இல்லாமல் வாக்கு மட்டும் விழுந்த இடத்தில் ‘ஆதரவு’ போதும்.